மூன்று கட்டங்கள், ஒரே தேதி: பல புலங்கள் கொண்ட படிவ உறுப்பை உருவாக்கிச் சரிபார்க்கும் முறை

வலைப் படிவம் எழுதப் பழகுகிறவருக்குப் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் போன்ற ஒற்றைப் புலங்கள் விரைவில் கைவந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் பல கட்டங்களாகவும் படிவத்தின் கணக்கில் ஒரே விடையாகவும் நிற்கவேண்டிய உறுப்பு வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. நாட்டுக் குறியீட்டைத் தனியே வாங்கும் கைப்பேசி எண், தொகையையும் நாணயத்தையும் சேர்த்து வாங்கும் விலை, நாள் மாதம் ஆண்டு என்று பிரித்து வாங்கும் பிறந்த தேதி ஆகியவை எல்லாம் இவ்வகை. இவற்றுள் பிறந்த தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எச்டிஎம்எல்லில் தொடங்கிச் சர்வர் வரை செய்யவேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் தந்திருக்கும் பண்புப் பெயர்களையும் செயற்கூறுப் (ஃபங்ஷன்) பெயர்களையும் நிரலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டவேண்டும். பிடே, ஏரியா என்று தொடங்கும் பெயர்களில் மட்டுமே இடைக்கோடு நிரலிலும் உண்டு; மற்றவற்றில் சொற்களைப் பிரித்துக்காட்டவே அதை இட்டிருக்கிறேன்.

முதலில், இந்த உறுப்பு தேவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உலாவியிலேயே டேட் வகை இன்புட் இருக்கிறது. பயண நாள், மருத்துவரைப் பார்க்கும் நாள் என்று கிழமை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அண்மைத் தேதிகளுக்கு அதுவே போதும். பிறந்த தேதியை யாரும் நாட்காட்டியில் தேடுவதில்லை. மனத்தில் இருப்பதை அப்படியே தட்டுகிறார்கள். 1957இல் பிறந்தவரைச் சின்னஞ்சிறு நாட்காட்டியில் அத்தனை ஆண்டுகள் பின்னோக்கித் தள்ளச்செய்வது அவருக்குச் செய்யும் தொல்லை. மேலும், அந்த இன்புட் நாளை முதலில் காட்டுமா மாதத்தை முதலில் காட்டுமா என்பது உலாவியின் மொழியையும் வட்டார அமைப்பையும் பொறுத்தது. நம் கையில் இல்லை. ஜனவரி 5 என்று தட்ட நினைத்தவர் அமெரிக்க அமைப்பில் உள்ள உலாவியில் மே 1 என்று பதிந்துவிட்டுத் தெரியாமலே நகர்ந்துவிடலாம். பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளுக்கான வடிவமைப்புத் தொகுப்பும், நினைவிலிருந்து சொல்லும் தேதிகளுக்கு மூன்று தனிக் கட்டங்களையே பரிந்துரைக்கிறது.

முழுத் தேதி கட்டாயமா என்பதையும் நிரல் எழுதுமுன் தீர்மானித்துவிடுங்கள். பிறந்த ஆண்டு மட்டும் அச்சான ஆதார் அட்டைகள் உண்டு. அத்தகைய அட்டை வைத்திருப்பவர், மூன்று கட்டங்களையும் நிரப்பச்சொல்லும் படிவத்தின்முன் வேறு வழியின்றி ஜனவரி 1 என்று போடுகிறார். தரவுத்தளத்தில் அது மெய்யான தேதிபோலவே உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் வேலைக்கு ஆண்டு போதுமென்றால் ஆண்டை மட்டும் கேளுங்கள். இனி வருவதெல்லாம் முழுத் தேதியும் கட்டாயம் என்று கொண்டு எழுதியது.

எலும்புக்கூடு: வெறும் எச்டிஎம்எல்

ஜாவாஸ்கிரிப்டைத் தொடாமல், ஒரு ஃபீல்டுசெட் குறிச்சொல்லில் தொடங்குங்கள். அதற்குள் முதலாவதாக லெஜண்ட் குறிச்சொல்லில் 'உங்கள் பிறந்த தேதி' என்ற கேள்வி வரவேண்டும். அடுத்து 'எடுத்துக்காட்டு: 27 3 2007' என்ற சிறு குறிப்பு. பின் மூன்று இன்புட்கள். ஒவ்வொன்றுக்கும் 'நாள்', 'மாதம்', 'ஆண்டு' என்று கண்ணுக்குத் தெரியும் லேபிள். லெஜண்டை விட்டுவிட்டுத் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பை வைத்தால் பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானின் துணையோடு படிவம் நிரப்புபவர் 'நாள்' என்ற சொல்லை மட்டும் கேட்பார். எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. பல புலங்களை ஒரே விடையாகக் கட்டுவது இந்த ஃபீல்டுசெட்டும் லெஜண்டும்தான். நிரல் எழுதி அவற்றின் இடத்தை நிரப்ப முயலவேண்டாம். லேபிளுக்குப் பதிலாக, காலிக் கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரில் 'நாள்' என்று எழுதுவதும் வேண்டாம். முதல் இலக்கத்தைத் தட்டியதும் அது மறைந்துவிடும்.

இன்புட்டின் வகை நம்பர் அல்ல, டெக்ஸ்ட். இதில் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். நம்பர் வகைக் கட்டத்தில் கர்சர் இருக்கும்போது சுட்டியின் உருளையைச் சுழற்றினால் சில உலாவிகளில் எண் மாறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், எண்ணாக இல்லாத எதைத் தட்டினாலும் கட்டத்தின் மதிப்பு எழுத்து ஏதுமில்லாத வெற்றுச் சரமாகவே (ஸ்ட்ரிங்) நம் நிரலுக்கு வருவது. பயனர் எதையும் தட்டவில்லையா, தவறாகத் தட்டினாரா என்று மதிப்பை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. பொருத்தமான பிழைச்செய்தியும் சொல்ல முடியாது. டெக்ஸ்ட் வகையை வைத்து, இன்புட்மோட் பண்புக்கு நியூமெரிக் என்று கொடுத்தால், கைப்பேசியில் எண்பலகை வரும். தட்டியதும் அப்படியே நம்மிடம் வந்துசேரும். ஆட்டோகம்ப்ளீட் பண்புக்கு முறையே பிடே-டே, பிடே-மன்த், பிடே-இயர் என்ற மதிப்புகளைக் கொடுத்தால், பயனரின் பிறந்த தேதியை உலாவி முன்பே அறிந்திருக்கும்போது தானே நிரப்பும். ஆண்டுக் கட்டத்தை மற்ற இரண்டைவிட அகலமாக வையுங்கள். நான்கு இலக்கம் வேண்டும் என்பதை அந்த அகலமே சொல்லிவிடும்.

இரண்டு இலக்கம் தட்டியதும் கர்சரைத் தானாக அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் நிரல் பல தளங்களில் உண்டு. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். டேப் விசையை அழுத்திப் பழகியவர் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார். தவறைத் திருத்தத் திரும்பி வருபவர் மீண்டும் முன்னே தள்ளப்படுவார்.

சரிபார்ப்பின் வரிசை

மூன்று கட்டங்களின் மதிப்புகளையும் சரங்களாகவே எடுத்து, முன்பின் இடைவெளிகளை நீக்கிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேள்விகளைக் கேட்கவேண்டும். ஒரு கேள்வியில் தவறு கிடைத்தால் அங்கேயே நின்று அந்தப் பிழையை மட்டும் சொல்லவேண்டும். ஐந்தையும் ஒருசேரக் கொட்டினால் எதைத் திருத்துவது என்று பயனருக்குப் புரியாது. மூன்றும் காலியா என்பது முதற்கேள்வி. ஏதேனும் ஒன்றோ இரண்டோ மட்டும் காலியா என்பது இரண்டாவது. ஒவ்வொன்றும் இலக்கங்களால் மட்டும் ஆனதா, நாள் 1 முதல் 31 வரையும் மாதம் 1 முதல் 12 வரையும் இருக்கிறதா, ஆண்டில் நான்கு இலக்கம் உண்டா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்தால் நாட்காட்டியில் உள்ள ஒரு நாள் கிடைக்கிறதா என்பது நான்காவது. அந்த நாள் நம் படிவத்துக்குப் பொருந்துமா, அதாவது எதிர்காலத்தில் விழவில்லையா, நாம் வைத்த வயது வரம்புக்குள் இருக்கிறதா என்பது ஐந்தாவது.

முதல் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனிக் கட்டத்தைப் பார்த்தால் போதும்; கடைசி இரண்டுக்கு மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும். எந்தப் பிழையை எந்தக் கட்டத்தின்மேல் சுமத்துவது என்பதை இந்தப் பிரிவே முடிவுசெய்கிறது. மாதம் காலியாக இருந்தால் மாதக் கட்டத்தை மட்டும் சிவப்பாக்குங்கள். 31 4 1958 என்று வந்தால் நிலைமை வேறு. அவர் 30ஐ 31 என்று தட்டினாரா, 3ஐ 4 என்று தட்டினாரா என்று நமக்குத் தெரியாது. ஆகவே நாள் தவறு என்று தீர்ப்புச் சொல்லாமல், மூன்றையும் சேர்த்துக் குறித்து, 'ஏப்ரல் மாதத்தில் 30 நாட்களே உள்ளன; நாளையும் மாதத்தையும் சரிபாருங்கள்' என்று எழுதுங்கள். 'தவறான உள்ளீடு' என்ற ஒற்றை வாசகம் எந்தச் சூழலிலும் யாருக்கும் உதவியதாக நான் கண்டதில்லை.

ஆண்டில் இரண்டு இலக்கம் மட்டும் வந்தால் ஊகிக்கவேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளை ஆக்கும்போது ஆண்டாக 0 முதல் 99 வரையான எண்ணைக் கொடுத்தால், அது 1900களில் ஓர் ஆண்டாகவே எடுத்துக்கொள்ளும். 2007ஐ நினைத்து 07 என்று தட்டிய மாணவி 1907இல் பிறந்தவராகிவிடுவார். நான்கு இலக்கமும் கேட்டு வாங்குவதே நேர்மையான வழி.

தமிழ்ப் படிவம் எழுதுபவர் கவனிக்கவேண்டிய இன்னொரு நுணுக்கம், தமிழ் இலக்கங்கள். ஒருவர் ௨௭ என்று தட்டினால் ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் செயற்கூறு அதை எண்ணாக ஏற்காது. சர்வரில் ஓடும் பைத்தானின் இன்ட் செயற்கூறோ 27 என்று ஏற்றுக்கொள்ளும். உலாவி மறுப்பதைச் சர்வர் ஏற்கும் இந்த முரண், பிழை தேடும்போது நெடுநேரம் அலைக்கழிக்கும். தமிழ் இலக்கங்கள் யுனிகோடில் ௦ முதல் ௯ வரை தொடர்ச்சியாக அமைந்திருப்பதால், ஒவ்வோர் இலக்கத்தின் குறியெண்ணிலிருந்தும் ௦வின் குறியெண்ணைக் கழித்தாலே எண் கிடைத்துவிடும். சரிபார்ப்பின் தொடக்கத்தில் இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு மேலே போங்கள். தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழ் இலக்கத்தில் விடை வந்தால் அதை மறுக்க நமக்குக் காரணமில்லை.

தேதி உருளும் இடமும், ஒரு நாள் குறையும் இடமும்

நான்காவது கேள்விக்கு வந்ததும் பெரும்பாலோர் டேட் பொருளை ஆக்கி, அது தேதியாக வந்ததா என்று பார்க்கிறார்கள். அது எப்போதும் தேதியாகத்தான் வரும். பிப்ரவரி 29, 1957 என்று கொடுத்தால், அந்த நாளே இல்லாவிட்டாலும், டேட் பொருள் முறையிடாமல் மார்ச் 1க்கு உருண்டுவிடும். ஏப்ரல் 31 மே 1 ஆகிவிடும். மாதத்தை அது 0விலிருந்து எண்ணுவதால், 1ஐக் கழிக்க மறந்தால் எல்லாத் தேதிகளும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

இதனினும் ஆழமான குழி ஒன்றில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு பயிற்சி நிலையத்தின் சேர்க்கைப் படிவத்துக்கு நான் எழுதிய தேதி உறுப்பு, சரிபார்த்த டேட் பொருளை டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் செயற்கூறால் சரமாக்கிச் சர்வருக்கு அனுப்பியது. சில வாரங்கள் கழித்து, ஒரு மாணவர் பள்ளிச் சான்றிதழையும் தேர்வு நுழைவுச்சீட்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். சான்றிதழில் 5-1-1990, சீட்டில் 4-1-1990. பட்டியலைத் திறந்து பார்த்தால், அதில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு நாள் முன்னதாகப் பிறந்திருந்தார்கள். காரணம் எளியது. நாம் ஆக்கும் தேதி இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணி. அந்தச் செயற்கூறோ உலகப் பொது நேரத்தில் (யுடிசி) சரத்தைத் தருகிறது. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், 5ஆம் தேதி நள்ளிரவு அங்கே 4ஆம் தேதி மாலை 6.30. இலங்கையின் நேரமும் அதே ஐந்தரை என்பதால் அங்கும் இதுவே நடக்கும். லண்டனில் குளிர்காலத் தேதியொன்றை வைத்துச் சோதிப்பவரின் கண்ணுக்கு இப்பிழை தென்படவே தென்படாது.

பிறந்த தேதி என்பது நேரமோ நேரமண்டலமோ இல்லாத வெறும் மூன்று எண்கள். அதற்கு டேட் பொருள் வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதங்களின் நாட்கணக்கை ஓர் அணியில் (அரே) வையுங்கள். 4ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு (லீப் ஆண்டு). ஆனால் 100ஆல் வகுபட்டால் 400ஆலும் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டு என்ற விதியை ஒரு சிறு செயற்கூறாக எழுதுங்கள். நாள் அந்த மாதத்தின் கணக்குக்குள் இருந்தால் தேதி செல்லும். அனுப்பவேண்டிய சரத்தையும் கையாலேயே கட்டுங்கள்: ஆண்டு, இடைக்கோடு, இரண்டு இலக்க மாதம், இடைக்கோடு, இரண்டு இலக்க நாள். பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும்.

எப்போது சொல்வது, எங்கே சொல்வது

நாளைத் தட்டிவிட்டு மாதத்துக்கு நகரும் ஒருவரிடம் 'தேதி முழுமையாக இல்லை' என்று சிவப்பில் கத்துவது, பேசி முடிக்காதவரை இடைமறிப்பதற்குச் சமம். பிழையைச் சொல்லவேண்டியது, பயனர் மூன்று கட்டங்களையும் விட்டு வெளியேறும்போதுதான். ஃபீல்டுசெட்டின்மேல் ஃபோகஸ்-அவுட் நிகழ்வைக் கேளுங்கள். பிளர் நிகழ்வு மேல்நோக்கிப் பரவாது, இது பரவும். அந்நிகழ்வின் ரிலேட்டட்-டார்கெட் என்ற பண்பு, ஃபோகஸ், அதாவது தட்டுவதை வாங்கும் இடம், அடுத்து எங்கே போகிறது என்று சொல்லும். அது இன்னும் குழுவுக்குள்ளேயே இருந்தால் பேசாமல் இருங்கள். வெளியே போனால் மட்டும் சரிபாருங்கள். ஒருமுறை பிழை காட்டியபின், பயனர் திருத்தும்போது ஒவ்வொரு தட்டலுக்கும் சரிபார்த்து, சரியானவுடன் செய்தியை எடுத்துவிடுங்கள்.

பிழைச்செய்தி லெஜண்டுக்கும் கட்டங்களுக்கும் நடுவே, படிக்கும் வரிசையில் கட்டங்களுக்கு முன்னே இருக்கட்டும். அதற்கு ஓர் ஐடி கொடுத்து, தவறான கட்டத்தின் விளக்கம் எங்கே உள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-டிஸ்க்ரைப்டுபை (aria-describedby) பண்பில் அந்த ஐடியைச் சேருங்கள். ஏரியா-இன்வேலிட் பண்பையும் ட்ரூ ஆக்குங்கள். நிறம் மட்டும் மாறினால் எல்லாருக்கும் தெரியாது. அனுப்பு பொத்தானை அழுத்தும்போது பிழை இருந்தால், அனுப்புவதைத் தடுத்து, தவறான முதற்கட்டத்துக்கு ஃபோகஸைக் கொண்டுபோங்கள். தட்டியதை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

'27/03/2007' என்று எங்கிருந்தோ நகலெடுத்து நாள் கட்டத்தில் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். மேக்ஸ்லெங்த் 2 என்று வைத்திருந்தால் 27 மட்டும் நிற்கும், மீதி காணாமற்போகும். பேஸ்ட் நிகழ்வில் ஒட்டப்படும் சரத்தை எடுத்து, சாய்கோடு, புள்ளி, இடைக்கோடு, இடைவெளி ஆகியவற்றால் பிரித்து, சரியாக மூன்று துண்டுகள் கிடைத்தால் மூன்று கட்டங்களிலும் இட்டுவிடலாம். முதல் துண்டு நான்கு இலக்கமாக இருந்தால் ஆண்டு முன்னே வருகிறது என்று கொள்ளுங்கள்.

தனியுறுப்பாக மாற்றுதல்

இதுவரை செய்தது ஒரு படிவத்துக்குப் போதும். பல படிவங்களில் வேண்டுமென்றால், நாமே வரையறுக்கும் குறிச்சொல்லான கஸ்டம் எலிமெண்ட்டாக மாற்றலாம். எலிமெண்ட் இன்டர்னல்ஸ் வழியாக அத்தகைய உறுப்பைப் படிவத்தோடு பிணைக்கும் வசதி குரோமில் 2019இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2022இலும், சஃபாரியில் 2023இலும் வந்தது.

உறுப்பின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்கவேண்டும். நடுவே ஓர் இடைக்கோடு கட்டாயம். வகுப்புக்குள் ஃபார்ம்-அசோசியேட்டட் என்ற ஸ்டாட்டிக் பண்பை ட்ரூ ஆக்கி, கட்டமைப்பானில் (கன்ஸ்ட்ரக்டர்) அட்டாச்-இன்டர்னல்ஸ் செயற்கூறை அழைத்து, கிடைப்பதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் கட்டங்களைக் கட்டமைப்பானில் தேடவேண்டாம். அப்போது அவை இல்லாமல் இருக்கலாம். உறுப்பு பக்கத்தில் இணையும்போது அழைக்கப்படும் கனெக்டட்-கால்பேக்கில் தேடுங்கள். உறுப்பை இடம் மாற்றினால் இது மறுபடியும் அழைக்கப்படும் என்பதால், நிகழ்வுக் கேட்பிகள் இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உறுப்பின் உட்பகுதியைப் பக்கத்தின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்துவைக்கும் ஷேடோ டாம் வேண்டுமா என்று கேட்டால், இந்த உறுப்புக்கு வேண்டாம் என்பேன். ஐடி வழியாகச் செல்லும் லேபிள், விளக்கத் தொடர்புகள் ஷேடோ எல்லையைத் தாண்டமாட்டா. முன்பு எழுதிய ஃபீல்டுசெட்டை அப்படியே புதிய உறுப்பின் குறிச்சொல்லுக்குள் வைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத நிலையிலும் மூன்று கட்டங்களும் தத்தம் பெயரோடு சர்வருக்குப் போகும். நிரல் ஓடத் தொடங்கியதும் உட்கட்டங்களின் நேம் பண்பை எடுத்துவிட்டு, செட்-ஃபார்ம்-வேல்யூ செயற்கூறு வழியாக ஒரே சரத்தை அனுப்பலாம். அச்செயற்கூறுக்கு இரண்டாவதாக ஒரு நிலைச்சரத்தையும் கொடுக்கமுடியும். தேதி முழுமையடையாதபோது முதலாவதாக மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் நல் (null) கொடுத்து, இரண்டாவதாக அதுவரை தட்டிய மூன்று துண்டுகளையும் கொடுங்கள். பயனர் வேறு பக்கம் போய்த் திரும்பும்போது உலாவி அந்த நிலைச்சரத்தை ஃபார்ம்-ஸ்டேட்-ரீஸ்டோர்-கால்பேக் வழியே திருப்பித் தரும். அரைகுறையாக நிரப்பியவையும் அழியாமல் மிஞ்சும். படிவத்தை ரீசெட் செய்யும்போதும் முடக்கும்போதும் அழைக்கப்படும் செயற்கூறுகளையும் மறவாமல் எழுதுங்கள்.

பிழை நிலையை செட்-வேலிடிட்டி செயற்கூறால் அறிவிக்கவேண்டும். முதலில் பிழையின் வகை; மூன்றும் காலியென்றால் வேல்யூ-மிஸ்ஸிங், எழுத்துகள் கலந்திருந்தால் பேட்-இன்புட் என்பதுபோல. அடுத்து செய்தி, வகையைக் கொடுத்துவிட்டுச் செய்தியை விட்டுவிட்டால் அது டைப்-எரர் வீசும். மூன்றாவதாக, பிழை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று அந்த உட்கட்டத்தைக் கொடுக்கலாம். செக்-வேலிடிட்டி, வேல்யூ, நேம் போன்றவை சாதாரண இன்புட்டில் இருப்பதுபோல் இங்கே தாமாக வருவதில்லை. வெளியிலிருந்து அழைக்க நாமே வகுப்பில் எழுதித் தரவேண்டும். உறுப்பு தானே ஃபோகஸ் பெற முடியாததாக இருந்தால், உலாவி தன் பிழைக் குமிழைக் காட்ட முடியாமல் படிவத்தையும் அனுப்பாமல் நிற்கக்கூடும். பயனர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். அதனால் படிவத்தின் நோ-வேலிடேட் பண்பை நிரல் வழியாகச் சேர்த்து, செய்திகளை நாமே காட்டுவது நல்லது. எச்டிஎம்எல்லிலேயே அதை எழுதிவிட்டால், நிரல் ஓடாதபோது உலாவியின் சொந்தச் சரிபார்ப்பும் போய்விடும்.

சர்வர் பக்கம்

உலாவியில் செய்த சரிபார்ப்பு பயனரின் வசதிக்கு. சர்வரில் செய்வதே தரவின் பாதுகாப்புக்கு. அதே ஐந்து கேள்விகளை அங்கேயும் அதே வரிசையில் கேட்கவேண்டும். ஒரே சரமாக வந்தாலும் மூன்று துண்டுகளாக வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒரு செயற்கூறை முதலில் எழுதுங்கள். பைத்தானின் டேட் வகுப்பு இல்லாத நாளை ஏற்காது, வேல்யூ-எரர் வீசும். பிஎச்பியில் செக்டேட் செயற்கூறு உண்டு. மாதம், நாள், ஆண்டு என்பது அதன் வரிசை என்பதால், நம் வழக்கப்படி நாளை முதலில் கொடுத்தால் பல தேதிகள் தற்செயலாகச் சரியென்றே வந்து ஏமாற்றும். பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோ பயன்படுத்துபவர்களுக்கு மல்டிவேல்யூஃபீல்டும் மல்டிவிட்ஜெட்டும் ஆயத்தமாகவே இருக்கின்றன. முன்னதன் கம்ப்ரஸ் செயற்கூறு துண்டுகளை ஒரு மதிப்பாக்கும். பின்னதன் டீகம்ப்ரஸ் அந்த மதிப்பைத் துண்டுகளாக்கும். எந்தத் துண்டு விடுபட்டது என்று தனித்தனியே சொல்லவேண்டுமானால் ரிக்வயர்-ஆல்-ஃபீல்ட்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, ஒவ்வோர் உட்புலத்துக்கும் 'இன்கம்ப்ளீட்' பிழைச்செய்தியை எழுதவேண்டும்.

'எதிர்காலத் தேதியா' என்ற கேள்வியைச் சர்வரின் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நம் ஊரில் நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையே அதற்கு இன்னும் நேற்றுத்தான். விடியுமுன் பிறந்த குழந்தையை அந்த நேரத்தில் பதிந்தால், இன்னும் பிறக்கவில்லை என்று மறுத்துவிடும். இன்றைய தேதியைப் பயனரின் நேரமண்டலத்தில் கணக்கிடுங்கள்.

பிழையோடு படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது, பயனர் தட்டிய மூன்று சரங்களையும் அப்படியே கட்டங்களில் வைத்து அனுப்பவேண்டும். எண்ணாக மாற்றியபின் மூலத்தைத் தூக்கியெறிந்த நிரலால் இதைச் செய்ய முடியாது; சரங்களாகவே வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சோதித்துப் பார்த்தல்

29 2 2000 ஏற்கப்படவேண்டும். 29 2 1900, 29 2 1957, 31 4 1958, 0 0 0 ஆகியவை மறுக்கப்படவேண்டும். 5 1 1990 என்பதை இந்திய நேரத்தில் உள்ள கணினியில் அனுப்பி, தரவுத்தளத்தில் 5ஆகவே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இன்றைய தேதி, நாளைய தேதி, முன்பின் இடைவெளியோடு தட்டிய எண், ௨௭ ௩ ௨௦௦௭, ஒட்டப்பட்ட முழுத் தேதி ஆகியவற்றையும் கொடுத்துப் பாருங்கள். பிறகு சுட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் நிரப்புங்கள். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மாதத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள். என்ன தவறு, எந்தக் கட்டத்தில் என்பது காதில் விழவேண்டும். விழாவிட்டால், பிழைச்செய்தியின் ஐடி மாதக் கட்டத்தோடு இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.